சிகாகோவில் தள ஆய்வு

பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரை மிச்சிகன் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினால் முதலில் என்ன கேட்பார்?

"மதகு எங்கே இருக்கு?"

கேட்டார். கேட்ட இடம் சிகாகோ, மாதம் மே. தெருவில் எல்லோருக்கும் அவர் ஏ.இ. சார். கூட நின்றவர் அவர் மனைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, அதனால் டீச்சரம்மா. மகள் குடும்பம் இருப்பது நேப்பர்வில்லில். காலையில் அவர்களை நகரத்துக்குக் கூட்டி வந்து இறக்கிவிட்டு, "சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சதும் கார்ல வந்து ஏத்திக்கிறேன்ப்பா, ஆற்றோரமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மகள் வேலைக்குப் போய்விட்டாள். நேப்பர்வில்லில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஏரிக்கரையிலோ டீச்சரம்மா சேலைக்கு மேல் ஸ்வெட்டரும், ஸ்வெட்டருக்கு மேல் சால்வையும் போட்டுக்கொண்டு நின்றார். வசந்த காலத்தில் அந்த ஊர் வானிலை அறிக்கையில் 'ஏரிப் பக்கம் குளிர் கூடுதல்' என்பது தவறாமல் வரும். ஏ.இ. சார் அறிக்கைகளை நம்புகிறவர் அல்லர். மாப்பிள்ளை எடுத்து வைத்த ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு அரைக்கைச் சட்டையோடு வந்திருந்தார்.

அந்த ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். அக்கரை தெரியாது. அலை அடிக்கிறது, மணல் இருக்கிறது, கடற்காகங்கள் கையில் இருப்பதைப் பறிக்கப் பார்க்கின்றன. டீச்சரம்மா குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பே இல்லைங்க" என்று சான்றிதழ் கொடுத்தார். ஊருக்குக் குடிதண்ணீரே அதுதான்.

மதகு? அதற்குப் பிறகு வருவோம்.

கரையிலிருந்து சிறிது நடந்தால் மில்லினியம் பூங்கா. அங்கே அனிஷ் கபூர் செய்த 'கிளவுட் கேட்' இருக்கிறது. 168 எஃகுத் தகடுகளை ஒட்டுத் தெரியாமல் பற்றவைத்து, தேய்த்து, கண்ணாடியாக மெருகேற்றிய, சுமார் 100 டன் எடையுள்ள சிற்பம். சிற்பி வைத்த பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது 'பீன்'தான், அவரைக்கொட்டை. உலகத்தின் மற்ற சிலைகளுக்கு முன்னால் நின்று மக்கள் சிலையைப் பார்ப்பார்கள். இங்கே அவரவர் தொப்பையைப் பார்க்கிறார்கள். ஏ.இ. சார் தன் உருவம் அகன்று வளைந்து தெரிவதை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே தகடுகளின் இணைப்பைத் தேட ஆரம்பித்தார். விரலால் தடவினார், சாய்ந்து பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு வெல்டிங் கோடுகூட அகப்படவில்லை. அவர் கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. அநேகமாகப் பழைய ஒப்பந்தக்காரர்கள் மேல் இருக்கலாம்.

ஆனால் கையேட்டில் இருந்த பூங்காவின் வரலாறு அவர் மனதுக்கு இதமாக இருந்தது. புத்தாயிரத்தை வரவேற்க 2000-இல் திறப்பதாகத் திட்டம், திறந்தது 2004-இல். 15 கோடி டாலர் என்று போட்ட மதிப்பீடு முடிவில் 47 கோடியைத் தாண்டியது. அந்தப் பத்தியை அவர் இரண்டு முறை படித்தார். அமெரிக்காவில் கால் வைத்ததிலிருந்து முதன்முறையாக அவர் முகத்தில் சொந்த ஊருக்கு வந்த தெளிவு.

பூங்காவை ஒட்டினாற்போல ஆர்ட் இன்ஸ்டிட்யூட், வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். டீச்சரம்மா பார்க்க வந்தது சிங்கத்தை அல்ல. 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவரைக் கப்பலேற்ற மதராஸில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்ற பள்ளி ஆசிரியர். டீச்சரம்மா ஆறாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்த காலத்தில் விவேகானந்தரைவிட அளசிங்கரைப் பற்றித்தான் அதிக நேரம் பேசுவாராம். "வாத்தியார் வசூல் பண்ணாத காரியம் உலகத்துல எது நடந்திருக்கு?" என்பது அவர் கட்சி. வெளியே சாலையில் சுவாமிஜியின் பெயர் தாங்கிய பழுப்பு நிறப் பலகையைப் படம் எடுக்கச் சொன்னார். ஏ.இ. சார் எடுத்த படத்தில் பலகைக் கம்பத்தின் அடித்தளம் வெகு தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்தது வில்லிஸ் டவர். 1973-இல் உச்சி தொட்டபோது உலகத்திலேயே உயரம், 110 மாடி, 442 மீட்டர். பெயர் மாறியது 2009-இல், ஆனாலும் பழைய ஊர்க்காரர்கள் இன்னும் சியர்ஸ் டவர் என்றே சொல்கிறார்கள். ஒன்பது சதுரக் குழாய்களைக் கட்டி வைத்த மாதிரியான அதன் அமைப்பை வடித்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்தவர். "நம்ம பக்கத்து ஆளு" என்று ஏ.இ. சார் லிஃப்டில் நின்ற முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தமிழிலேயே தெரிவித்தார். 103-ஆவது மாடியில் கட்டடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகள் உண்டு. காலுக்குக் கீழே கண்ணாடி, அதற்குக் கீழே 400 மீட்டருக்கு மேல் ஒன்றுமில்லை. டீச்சரம்மா கோயில் பிரகாரத்தில் நுழைகிற நிதானத்தோடு உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சார் வாசலிலேயே நின்றார். அரை அங்குலக் கண்ணாடி மூன்று அடுக்கு என்று பணியாளர் விளக்கினார்.

"கான்ட்ராக்டர் யாருன்னு தெரியாம நான் கால் வைக்கிறதில்லை."

பீட்சா விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இந்த ஊர் பீட்சா இரண்டு அங்குல ஆழம். அடியில் சீஸ், மேலே தக்காளி. வேக முக்கால் மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். பட்டியலில் போட்டிருக்கும் விலை வேறு, கொடுக்கும் காசு வேறு. பத்து சதவீதத்துக்கு மேல் வரி, அதற்கு மேல் பரிமாறியவருக்குப் பதினெட்டு, இருபது என்று டிப்ஸ். "மதிப்பீட்டுக்கும் இறுதிப் பட்டியலுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்" என்று கணவரைச் சமாதானப்படுத்தினார் டீச்சரம்மா, குரலில் சிறிதும் இரக்கமின்றி.

இப்போது மதகு. படகில் ஏறிச் சிகாகோ ஆற்றைச் சுற்றினால் வழிகாட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டடக்கலை பேசுவார். சோளக்கதிர் வடிவத்தில் நிற்கும் மரினா சிட்டி கோபுரங்களில் கீழ்ப் பத்தொன்பது தளங்களும் கார் நிறுத்தத்துக்கே என்பார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தபோது ஏ.இ. சார் மட்டும் குனிந்து தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏரிக்குப் போகவில்லை. ஏரியிலிருந்து வந்தது.

அதுதான் இந்த ஊரின் உண்மையான அதிசயம், கட்டடங்கள் அப்புறம்தான். ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுந்து, ஆறு ஏரியில் விழுந்து, அதே ஏரித் தண்ணீரை ஊர் குடித்துக்கொண்டிருந்தது. 45 கிலோமீட்டர் கால்வாய் வெட்டி, 1900-இல் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். அந்த ஜனவரி 2 அன்று காலையில் அவசர அவசரமாகத் தண்ணீரைத் திறந்தார்கள். கீழே இருக்கும் மிசௌரி மாநிலம் தடையாணை வாங்கிவிடுமோ என்ற பயம். மந்திரி இல்லை, மாலை இல்லை, ரிப்பன் இல்லை. காவிரி வழக்குக் கோப்புகளைத் தூக்கிச் சுமந்த மனிதர் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. 'தண்ணீர் விடு' என்று கேட்டுத்தானே மாநிலங்கள் நீதிமன்றம் போகும்? மிசௌரி போனது 'அந்தத் தண்ணீரை எங்களுக்கு விடாதே' என்று. நிரூபணம் போதவில்லை என்று 1906-இல் வழக்குத் தள்ளுபடி ஆனது. மதகும் இருக்கிறது. ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் 1938-இல் கட்டி முடித்த கதவுகள். ஏரி இரண்டு, மூன்று அடி உயரத்தில் இருப்பதால் படகுகள் உள்ளே காத்து நின்று, மட்டம் சரியானதும் நகரும்.

ஆண்டுதோறும் செயின்ட் பாட்ரிக் திருநாளை ஒட்டி அந்த ஆற்றில் பச்சைச் சாயம் கலக்கிறார்கள், 1962-இலிருந்து. சாக்கடை எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கக் குழாய்த் தொழிலாளர்கள் பயன்படுத்திய சாயம்தான் திருவிழாவானது. ஏ.இ. சார் எழுந்து நின்று கைதட்டினார். வழிகாட்டி அப்போது ஒரு ஆர்ட் டெக்கோ கோபுரத்தைக் காட்டிக்கொண்டிருந்ததால் மற்றவர்களும் கைதட்டினார்கள்.

மாலை ஆறு மணி. மகள் சொன்னபடி ஆற்றோரம், வாக்கர் டிரைவில், சொன்ன எண்ணில் இருவரும் நின்றார்கள். தொலைபேசி அடித்தது.

"அப்பா, வந்துட்டேன். எங்க நிக்கிறீங்க?"

"நீ சொன்ன அட்ரஸ்லதாம்மா."

"நானும் அங்கதான்பா நிக்கிறேன்!"

வரைபடத்தில் இரண்டு புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கார் கண்ணில் இல்லை. டீச்சரம்மா தெருவின் இரு பக்கமும் பார்த்தார். சார் மட்டும் தன் செருப்புக்குக் கீழே பார்த்தார். 1926-இல் திறந்த அந்தச் சாலை அடுக்குச் சாலை. மேலே ஊர்வலம் போகிற அழகான தெரு, கீழே தூண்களுக்கு நடுவே லாரிகளும் அவசரக்காரர்களும். மகள் அடித்தளத்தில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கேயே இரும்மா, படிக்கட்டு வழியா வர்றோம்" என்றார் சார். குரலில் அன்று முழுக்க இல்லாத உற்சாகம். "கீழ்த்தளத்துல மழைத்தண்ணி எப்படி வடியுதுன்னு பார்க்கணும்."

"முதல்ல வண்டியில ஏறுங்க" என்றார் டீச்சரம்மா.