திறந்த பானெட்டும் கொம்யூன் ஆட்சியும்: ஓர் ஆய்வு

பிரெஞ்சு இந்தியாவில் கொம்யூன்கள் 1880-ஆம் ஆண்டு ஆணையால் பிறந்தன என்பர் வரலாற்றாசிரியர். புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பார்ப்பவர் இதை ஏற்கமாட்டார். பழைய காரின் பானெட் எந்த வாசலில் திறக்கிறதோ, அந்த வாசலில் ஒரு கொம்யூன் தானாகவே பிறக்கிறது. அரசாங்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்துக்கு 1968-க்குப் பிறகு 2006-இல்தான் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டு முடிந்ததும் மறுபடி பல்லாண்டு மௌனம். பானெட் கொம்யூனுக்கு அந்தத் தொல்லை இல்லை. பதினைந்து வயது தாண்டிய கார் ஐந்தாண்டுக்கொரு முறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், அடுத்த பதவிக்காலம் தொடங்கிவிடும்.

ஆய்வுக்கு உகந்த வண்டி பிரீமியர் பத்மினி. 1,089 சி.சி., நான்கு சிலிண்டர், எல்லாம் கண்ணுக்குத் தெரியும்படி வைத்த எஞ்சின். கார்புரேட்டர் வைத்த மாருதி 800-ஐயும் சேர்க்கலாம். அதற்குப் பின் வந்தவற்றின் பானெட்டைத் திறந்தால் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. அதைப் பார்க்க எவன் டீயை விட்டுவிட்டு வருவான்?

பானெட்டைச் சுற்றிக் கூடும் அவையில் அறிவு பரவும் விதம் ஒரு விதிக்கு உட்பட்டது: எஞ்சினை விட்டுத் தள்ளிப் போகப் போக உறுதி கூடும். வண்டிக்கு அடியில் படுத்து முகமெல்லாம் ஆயில் வழிபவர், "கழட்டிப் பார்த்தாத்தாம்பா தெரியும்" என்கிறார். பிளக்கை உப்புத்தாளில் தேய்ப்பவருக்குப் பாயிண்ட் மேல் லேசான சந்தேகம். எதிர்வீட்டுத் திண்ணை மாமா எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொல்கிறார்: "கார்புரேட்டர்தான். எழுதி வச்சுக்க."

இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது பாகூர் மரபு. இது ஏரிப்பாசன ஊர். பங்காரு வாய்க்கால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும், போதாத இடத்தில் ஆயில் எஞ்சின் இறைக்கும், குழாயில் காற்றுப் புகுந்தால் அதுவும் நின்றுவிடும். ஆகவே இங்குள்ள பெரியவர்களுக்கு உலகத்துக் கோளாறு அனைத்துக்கும் ஒரே காரணம், "ஏர் புடிச்சிருக்கு." பட்டணத்து மெக்கானிக் சிரிப்பார். ஆனால் மே மாதப் பத்மினியில் நடப்பது ஏறக்குறைய அதுதான். பெட்ரோல் பம்ப் எஞ்சின் உடம்போடு ஒட்டி இருக்கிறது. சூடேறிய எஞ்சின் பெட்ரோலைக் குழாய்க்குள்ளேயே ஆவியாக்குகிறது. திரவம் உறிஞ்சப் பிறந்த பம்ப் ஆவியைக் கண்டு திகைத்து நிற்கிறது. மருந்து, பம்பின் மேல் நனைத்த துண்டு. பாகூர்ச் செப்பேடு கூறும் பல்லவர் காலக் கல்விச்சாலையில் பதினான்கு வித்தைகள் சொல்லிக் கொடுத்தார்களாம். ஈரத்துண்டைப் பதினைந்தாவதாகச் சேர்க்கலாம். மற்ற பதினான்கில் எதுவும் வில்லியனூர் வரை கூட வண்டியைக் கொண்டுபோகாது.

துண்டும் பலிக்காத நாளில் அவை ஒருமனதாக நிறைவேற்றும் தீர்மானம் ஒன்றே: தள்ளு. இக்னிஷனைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்து, வேகம் வந்ததும் சட்டென விட வேண்டும். இதில் வேலைப்பிரிவினை தெளிவானது. காலையிலிருந்து ஒரு யோசனையும் சொல்லாத பையன்கள் பின்னால் நின்று தள்ளுவார்கள். எஞ்சின் பிடித்ததும் திண்ணை மாமா முதன்முறையாக எழுந்து வந்து முன்சீட்டில் ஏறிக்கொள்வார்: "அணைச்சிடாதப்பா, அப்படியே வில்லியனூர் வரைக்கும் வுட்டுடு. எனக்கு மார்க்கெட்ல ஒரு வேலை இருக்கு."