ஏசிக்கு எதிரி யார்?

கேள்வி: புதுவீடு கட்டுகிறேன். ஏசி இல்லாமல் குளுகுளுவென்று இருக்க வழி உண்டா?
– வாசகர், குடிகாடு, கடலூர்

பதில்: உண்டு. பாண்டிச்சேரிக்கு ஒரு பஸ் ஏறுங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டா' விடுதியை வெளியில் நின்றாவது பாருங்கள். 1930களின் இறுதியில் தொடங்கி, 1940களில் கட்டி முடித்தது. கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட். கூட இருந்து கட்டியவர் ஜார்ஜ் நகாஷிமா. வடக்கிலும் தெற்கிலும் ஜன்னலுக்குப் பதில் சுவர் முழுக்கத் திருப்பி வைக்கும் பலகைகள். வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். அறைக்கதவிலும் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதால் காற்று குறுக்கே ஓடும். கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்றிடைவெளி. அதாவது கூரைக்கே ஒரு குடை!

நாமோ வெறும் கான்கிரீட் தளம் போட்டுவிடுகிறோம். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, ராத்திரி படுக்கையில் நம் மேல் கக்குகிறது. பிறகு ஏசிக்காரரைத் தேடுகிறோம். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள்; முடிந்தால் தட்டோடு பதியுங்கள். நீளச் சுவர்கள் வடக்கு, தெற்கு பார்க்கட்டும். மேற்கே ஜன்னலைக் குறைத்து ஒரு வேம்பு நடுங்கள். மரங்களைச் சாய்த்த 'தானே' புயலை மறக்காமல், வீட்டை ஒட்டி நடாதீர்கள்.

எல்லாம் சரி, ஜன்னலைத் திறந்தால் கடல்காற்றோடு சிப்காட் தொழிற்பேட்டை வாடையும் வருமே என்கிறீர்களா? அதற்கு ரேமண்டிடமும் டிசைன் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு மனு போடுங்கள்.