கரண்ட் இல்லாக் காப்பி: ஒரு முன்னாய்வு

கம்பி வழியே வரும் மின்சாரம் நின்றபின் ஒரு டம்ளர் சூடான காப்பி பெறுவது எவ்வாறு? இவ்வாய்வு நுதலியது இதுவே. களம் தமிழ்நாட்டு அடுக்களை. பொருள் பில்டர் காப்பி. இன்ஸ்டன்ட் தூளைக் கலக்கிக் குடிப்போர் ஆய்வெல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கு எமது அனுதாபங்கள்.

பித்தளை பில்டருக்கு பிளக் கிடையாது என்பதை முதலில் நிறுவிக்கொள்வோம். மேலடுக்கில் தூள், அதை அமுக்கக் காம்பு வைத்த ஓட்டைத் தட்டு, அதன்மேல் வெந்நீர். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். மாதாந்திரப் பராமரிப்புப் பணி என்று புவியீர்ப்பை யாரும் காலை ஒன்பது மணிக்கு நிறுத்திவைத்ததில்லை.

அங்ஙனமாயின், கரண்ட் போனதுமே ‘இப்ப காப்பி கிடையாது’ என்ற குரல் எழுவது என்னை எனின், இண்டக்‌ஷன் அடுப்பால் என்க. முழுச்சூட்டில் அது 2,000 வாட் வரை இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரோ இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு என்ற கணக்கில் வாங்கியது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால், கீச்சென்று ஓர் ஒலியும் தொடர்ந்து முழு இருட்டும் கிட்டும், காப்பி கிட்டாது.

சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுக்கலாமே என்பாரும் உளர். 200 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 58,600 ஜூல் வேண்டும். விடாமல் 100 வாட் தரும் கால்கள் வாய்த்தவர், ஒரு துளி வெப்பமும் வீணாகாத பட்சத்தில், பத்து நிமிடம் மிதித்தால் போதும். ஆனால் அவ்வாறு மிதித்து இறங்கியவர் கேட்பது மோர்.

ஆகவே கேஸ் அடுப்பு. இங்கேதான் பெரும் பூசல். லைட்டரைத் தட்டும்போது உள்ளே ஒரு படிகம் அடிபட்டு, ஆயிரக்கணக்கான வோல்ட் பொறி பறக்கிறது. படிகங்களின் இந்தக் குணத்தை 1880இல் கண்டு சொன்னவர்கள் கியூரி சகோதரர்கள், பியரும் ஜாக்கும். எனவே லைட்டரால் பற்றவைத்தது மின்சாரக் காப்பியே என்று தீப்பெட்டிக் கட்சியார் வாதிடுவர். அது பொருந்தாது. லைட்டருக்கு மின்வாரியம் ரீடிங் எடுப்பதில்லை.

சிலிண்டரும் தீர்ந்த வீட்டில் பரணிலிருந்து பம்ப் ஸ்டவ் இறங்கும். 1892இல் சுவீடனின் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸின் வழிவந்தது அது. ஆனால் மண்ணெண்ணெய் கிடைத்தால் ஸ்டவ் பின் கிடைக்காது. ஆதலால் விரைந்து கும்மட்டி அடுப்புக்குச் செல்வோம். அதற்குக் கரி வேண்டும், அதைவிட முக்கியமாக விசிறி வேண்டும். கரண்ட் போன வீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு பனையோலை விசிறிதான் இருக்கும். அதுவும் தாத்தா கையில். அடுப்புக்கு வீசினால் தாத்தாவுக்குப் புழுங்கும், தாத்தாவுக்கு வீசினால் கரி அணையும். காப்பி தாத்தாவுக்குத்தான் என்று எடுத்துச் சொல்வதே நடைமுறையில் வெல்லும் வழி.

பால் பற்றி ஒரு குறிப்பு: பிரிட்ஜ் நின்றுவிட்டதால் பாலை முதலில் காய்ச்சிவிட வேண்டும். டிகாக்‌ஷன் காத்திருக்கும், பால் காத்திருக்காது.

இனி ஆய்வின் முடிபு. மின்விசிறிக் காற்று காப்பியின் மேலிருந்து ஆவியையும் சூட்டையும் அள்ளிக்கொண்டு போகும். விசிறி நின்றால் அந்த இழப்பு குறையும். ஆகவே கரண்ட் இல்லாதபோதுதான் டம்ளர் நெடுநேரம் சூடாக இருக்கிறது, குடிப்பவரும் அப்படியே. சூடான காப்பிக்கு உண்மையான இடையூறு கரண்ட் போவதன்று, திரும்பி வருவது. விளக்கு எரிந்த கணமே ஒருவர் மோட்டார் போட ஓடுகிறார், இன்னொருவர் செல்போனுக்குச் சார்ஜர் தேடுகிறார், டபராவில் ஆற்றிவைத்த காப்பி ஆடை கட்டுகிறது. அதை மறுபடி சூடாக்கலாமா என்பது தனி ஆய்வுக்குரியது. அப்படிச் சூடாக்கியதைக் காப்பி என்று ஏற்க இவ்வாய்வாளர் தயாராக இல்லை.