உயிர்க்கூட்டைப் பதுக்குதல்: திருப்பூர் பின்னலாடைத் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

சாகாவரம் பெற்ற மந்திரவாதி தன் உயிரை எங்கே ஒளித்துவைக்க வேண்டும் என்ற வினாவை அறிஞருலகம் கிளிக்குள் அடைத்துவிட்டு ஓய்ந்துவிட்டது. 1868இல் மேரி ஃப்ரீயர் வெளியிட்ட தக்காணக் கதைத்தொகுப்பில் வரும் பஞ்ச்கின், பனைமர வட்டத்தின் நடுவே ஆறு தண்ணீர்ப் பானைகளை அடுக்கி, அடிப்பானைக்குக் கீழே கூண்டுக்கிளியில் உயிரை வைத்தான். ஏழு கடல், ஏழு மலை என்று நம் பாட்டிமார் சொன்னதும் ஏறக்குறைய இதே விலாசம்தான். 1974இல் அமெரிக்காவில் பிறந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் இவனுக்கு 'லிச்' என்று பெயர். கிளிக்குப் பதில் பெட்டி. பெட்டியை உடைக்காமல் ஆளை மட்டும் கொன்றால், பத்துமுகப் பகடையை உருட்டி விழும் எண்ணிக்கை நாளில் புது உடம்போடு வந்து நிற்பான்.

இவர்கள் அனைவரும் காவலை நம்பிக் கெட்டவர்கள் என்பது இவ்வாய்வின் துணிபு. எலும்புக்கூட்டுப் படை, விஷ அம்பு, சாபக் கல்வெட்டு எல்லாம் 'இங்கேதான் இருக்கிறது' என்று எழுதிவைத்த போர்டுகள். பஞ்ச்கினோ இன்னும் மோசம். அவன் சிறைவைத்திருந்த இளவரசி பால்னா இரண்டு வார்த்தை புகழ்ந்ததும் பானைக் கணக்கு உட்பட எல்லாவற்றையும் தானே ஒப்பித்துவிட்டான்.

எனவே காவலை விட்டுக் கூட்டத்தோடு கலந்து மறைய, ஒரே மாதிரிப் பொருள் லட்சக்கணக்கில் புழங்கும் ஊர் வேண்டும். திருப்பூர்.

முதலில் ஊசி. ரஷ்ய நாட்டுக் கோஷ்செய் தன் சாவை ஊசிமுனையில் வைத்து, ஊசியை முட்டைக்குள்ளும், முட்டையை வாத்துக்குள்ளும், வாத்தை முயலுக்குள்ளும் திணித்தான். ஏற்றுமதி கம்பெனியில் அவன் ஒரு ஷிப்ட் தாங்கமாட்டான். ஓவர்லாக்கில் ஊசி உடைந்தால் டெய்லர் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தரவேண்டும். அவற்றைப் பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி. ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றிக் கிடக்கும் துணியெல்லாம் அலசப்படும். அதிலும் தப்பினால், பேக்கிங்குக்கு முன் நீடில் டிடெக்டர் கத்திவிடும். முட்டை, வாத்து, முயல் எதுவும் அதற்கு ஒரு பொருட்டல்ல.

அடுத்து திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டை. செகண்ட்ஸ் குவியலில் ஒரு பனியனைச் செருகிவிடலாம்தான். ஆனால் வெளியூர் வியாபாரி டஜன் கணக்கில் பேரம் பேசி அள்ளிப்போய்விடுவார். உயிர் எந்த ஊர்ச் சந்தையில் தொங்குகிறது என்று உரியவனுக்கே தெரியாது. பால்னா கேட்டாலும் உளற முடியாது என்பது இதன் நன்மை. துவைத்துத் துவைத்து உயிர் சாயம்போகும் என்பது தீமை.

இறுதியாக உப்பு. நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயக்கழிவு வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பின் சாயத்தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சுவதைக் கொதிக்கவைத்து வற்றடிக்கிறார்கள். ஒரு பகுதி உப்பு மறுபடி சாயமேற்றப் போகிறது. எதற்கும் உதவாத கலவை உப்போ மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையத்தில் தேங்குகிறது. பையர் கேட்கமாட்டார், வியாபாரி விலை பேசமாட்டார், திருடனும் தொடமாட்டான். வாள் ஏந்திய வீரர் குழு வந்தாலும் வாசலிலேயே மூக்கைப் பொத்தித் திரும்பிவிடும். இதைவிடப் பாதுகாப்பான இடம் ஏழு கடலுக்கு அப்பாலும் இல்லை.

நடைமுறைச் சிக்கல் ஒன்றுதான். அங்கே கழிவின் எடையைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். மந்திரவாதியின் உயிரை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் தெளிவுபடுத்த வேண்டும்.