கேட்டது பட்டாளம், கிடைத்தது கைதட்டல்

பாரிஸ் ஃபேஷன் ஷோவுக்கு நம்ம பக்கத்திலிருந்து முதலில் போனது யார் என்று கேட்டால் பெங்களூர்க்காரர்கள் ஏதாவது ஒரு நடிகையின் பெயரைச் சொல்வார்கள். கோலார் தங்கவயல்காரர்கள் அப்படி ஏமாறக் கூடாது. பவுரிங்பேட்டையில் இறங்கி (பங்காருபேட்டை என்று போர்டு மாறி எத்தனையோ காலமாகிறது, எங்கள் பெருசுகளின் வாயில் மட்டும் இன்னும் மாறவில்லை) பூதிகோட்டை பஸ்ஸைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். அந்த ஊரில் 1720 வாக்கில் பிறந்த ஒரு குழந்தையிலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது. அப்பா ஃபத்தே முகமது, சிரா நவாபிடம் சம்பளம் வாங்கிய கோட்டைத் தளபதி. பையன் பெயர் ஹைதர் அலி, பின்னால் மைசூரை ஆண்டவர். எழுதப் படிக்கத் தெரியாது. உடுத்தத் தெரியும்.

சரித்திரப் புத்தகங்கள் ஹைதரைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு இறக்க மறந்துவிட்டன. அவருடைய பீரங்கிப்படையில் இருந்த மேஸ்த்ர் த லா தூர் என்ற பிரெஞ்சுக்காரர்தான் ஆளைக் கீழே இறக்கி உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை அளந்து பார்த்து எழுதினார். தங்கப் பூப்போட்ட வெள்ளை சாட்டின் அங்கி. அதன் ஓரங்களில் மஞ்சள் துணி, கட்டிக்கொள்ள மஞ்சள் கயிறு. இடுப்பில் வெள்ளைப் பட்டுக் கச்சை. தலையில் விடிகாலைச் சிவப்பில் தலைப்பாகை. காலில் மஞ்சள் வெல்வெட் பூட்ஸ். இந்தப் போர்க்கால உடுப்பைத் தன் தளபதிகளுக்காக அவரே யோசித்து உண்டாக்கினார் என்கிறார் த லா தூர். கோலார் செம்மண்ணில் வெல்வெட் பூட்ஸ், அதுவும் மஞ்சளில்! இங்கிலீஷ்காரனோடு சண்டை போட்ட தைரியமெல்லாம் இதற்கு அப்புறம்தான். தாடி கிடையாது, மீசை கிடையாது. புருவத்தைக்கூட மழித்துக்கொண்டார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அதே முகத்தோடு மேடையில் ஒரு பையன் நடந்து வந்தால் ‘துணிச்சலான முயற்சி’ என்று பத்திரிகைகள் எழுதும்.

மகன் திப்பு அப்பாவைவிட ஒரு படி மேலே போனார். அவருக்குப் புலி வரி பிடித்துவிட்டது. சிப்பாயின் சட்டையில் புலி வரி, ஆயுதத்தில் புலி முகம், சிம்மாசனத்தில் புலித் தலை. லூயி வுய்த்தோன் கம்பெனி தன் எழுத்துகளைப் பெட்டி முழுக்க அச்சடிக்க ஆரம்பித்தது 1896ல். அதற்கு நூறு வருடம் முந்தியே ஒரு பட்டாளம் முழுக்கத் தன் முத்திரையைப் போட்டு முடித்தவர் திப்பு.

அப்பேர்ப்பட்டவர் பாரிஸுக்கு ஆள் அனுப்பினால் கந்தையோடு அனுப்புவாரா? 1787 ஜூலையில் பாண்டிச்சேரியில் கப்பலேறியவர்கள் மூன்று பேர்: முகமது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகமது உஸ்மான் கான். மூவரும் ஸ்ரீரங்கப்பட்டணத்து தர்பார் ஆட்கள். கடை முதலாளி திப்புவின் பூர்வீகம் பூதிகோட்டை என்பதால் நாம் சொந்தம் கொண்டாடிக்கொள்ளலாம், தப்பில்லை. போன வேலை ரொம்ப சீரியஸானது. இங்கிலீஷ்காரர்களை விரட்ட பிரெஞ்சு ராஜாவிடம் பத்தாயிரம் சிப்பாய் கேட்க வேண்டும். கூடவே பீங்கான், கடிகாரம் செய்யத் தெரிந்த ஆட்கள், பூச்செடி விதைகள். மளிகை லிஸ்டின் முதல் வரியில் மட்டும் யுத்தம்.

மொரீஷியஸைத் தொட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றி, கப்பல் தூலோன் துறைமுகத்தில் ஒதுங்கியபோது 1788 ஜூன். பதினோரு மாதம் கடலில் குலுங்கினவர்கள் எந்த நிறத்தில் இறங்கியிருக்க வேண்டும்? இவர்கள் இறங்கியதோ மஸ்லின், சால்வை, தலைப்பாகையோடு. தூலோனிலிருந்து பாரிஸ் வரை வழியெல்லாம் ஜனங்கள் வேடிக்கை பார்க்கத் திரண்டார்கள். ஜூலை நடுவில் பாரிஸ் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ராஜா தரிசனம் கொடுத்தது ஆகஸ்ட் 10ல். ஃபேஷன் ஷோ என்றால் சொன்ன நேரத்துக்குத் தொடங்கக் கூடாது என்ற வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

வெர்சாய் அரண்மனையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ராஜா வீட்டை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், ஆனால் ஆண்பிள்ளை என்றால் இடுப்பில் வாளும் கையில் தொப்பியும் இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பிரான்ஸ் தேசத்தின் கௌரவமே மணிக்கணக்கு வாடகையில் ஓடிய இடம் அது. சொந்த வாளோடு போன நம்ம ஆட்களைப் பார்த்து வாசலில் வாடகைக் கடைக்காரனுக்கு மட்டும் வருத்தம் இருந்திருக்கும்.

ஹெர்குலிஸ் மண்டபத்தில் பதினாறாம் லூயி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் சீமாட்டிகளும் பிரபுக்களும். முன் வரிசை எது, பின் வரிசை எது என்று அங்கே வாழ்நாள் முழுக்க சண்டை போட்டவர்கள் அவர்கள். நடுவே இந்த மூவரும் நடந்தார்கள். பார்வையாளராக வந்தவர்கள்தான் மேடையிலும் நடக்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் ஆனது. எல்லாக் கண்ணும் துணிமேல். பத்தாயிரம் சிப்பாய் என்ற பேச்சு வந்தபோது ராஜா நல்ல வார்த்தை நாலு சொன்னார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 1783ல்தான் இங்கிலாந்தோடு சமாதானம் ஆகியிருந்தது. கஜானா வேறு காலி. இந்த தர்பார் நடந்த ஆறாம் நாள், ஆகஸ்ட் 16ல், பிரெஞ்சு அரசாங்கம் ‘இனிமேல் ஒழுங்காகப் பணம் பட்டுவாடா செய்ய முடியாது’ என்று கையை விரித்தது. பத்தாயிரம் சிப்பாயை விடுங்கள், பத்து சிப்பாயின் பூட்ஸுக்கே கடன் சொல்ல வேண்டிய நிலைமை.

பாரிஸ் ஜனங்களுக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. செவ்ர் பீங்கான் தொழிற்சாலையின் ஓவியர் அசெலான், சேன்-க்ளூ பூங்காவில் இவர்கள் உலாவியதை ஒரு படமாகவே வரைந்தார். நம்ம ஆட்கள் பூங்காவைப் பார்க்க, ஊரே நம்ம ஆட்களைப் பார்த்தது. ராணியின் உடைகளுக்கென்றே ரோஸ் பெர்த்தான் என்ற அம்மாள் ‘ஃபேஷன் மந்திரி’ என்று பெயர் வாங்கிய ஊர் அது. ஃபேஷனுக்கென்று தனிப் பத்திரிகை 1785லேயே வந்துவிட்ட ஊர். ஒரு வெளிநாட்டு அரசியல் கோரிக்கை அங்கே துணிமணிச் செய்தியாகச் சுருங்க எத்தனை நேரம் ஆகும்?

இங்கேதான் எலிசபெத் விஜே லெ ப்ருன் வருகிறார். ராணியின் ஓவியர். இந்த மூவரை ஆபராவில் பார்த்துவிட்டு, வரைந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். ராஜா கேட்டால்தான் உட்காருவோம் என்றார்கள் இவர்கள். அம்மாள் ராஜாவிடமே போய்ச் சொல்ல வைத்துவிட்டார். பத்தாயிரம் சிப்பாய்க்கு அசையாத ராஜ வாக்கு ஒரு படத்துக்கு உடனே அசைந்தது. அம்மாள் இவர்கள் வீட்டுக்குப் போனதும் கையில் பன்னீர் ஊற்றினார்கள். தர்வேஷ் கான் வாளோடு நின்றார், உயரமாக. உடம்பில் தங்கப் பூப்போட்ட வெள்ளை மஸ்லின் அங்கி. பெரியவர் ஹைதரின் அதே வெள்ளை, அதே தங்கப் பூ!

இதில் ஒரு வேடிக்கை. ஐந்து வருடம் முன்பு இதே ஓவியர், ராணி மரி அந்துவானெத்தை ஒரு வெள்ளை மஸ்லின் கவுனில் வரைந்து கண்காட்சியில் வைத்தார். ராணி உள்பாவாடையோடு வந்துவிட்டாள் என்று ஊர் கொந்தளித்து, படத்தை இறக்க வேண்டியதாயிற்று. லியோன் பட்டு நெசவாளர்களுக்கும் கடுப்பு, இந்தியத் துணி தங்கள் பிழைப்பைக் கெடுக்கிறதென்று. அதே மஸ்லினைத் தாடி வைத்த மனிதர் உடுத்தி வந்ததும் கம்பீரம் ஆகிவிட்டது.

ஓவியம் பாதி நடக்கும்போது சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். விஜே லெ ப்ருன் தோழியோடு போனார். தரையில் உட்கார வைத்து, கையாலேயே எடுத்துப் பரிமாறி, ஆட்டுக்கால் குழம்பு போட்டார்கள். வெள்ளைக் குழம்பு, மசாலா தூக்கல். நினைவுக் குறிப்பில் அம்மாள் இதைத் துக்கச் சாப்பாடு மாதிரி எழுதியிருக்கிறார். நம்ம தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயாவுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இதைப் படித்தால் நீதிமன்றம் போவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த மிக நல்ல சாப்பாடு அதுவாகத்தான் இருக்கும். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனார்.

படம் முடிந்தது. ஓவியர் எடுத்துப் போக வந்தார். தர்வேஷ் கான் தர மாட்டேன் என்றார். படத்தைக் கட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, இதற்கு இன்னும் ஆன்மா வரவில்லை, வந்தபிறகு தருகிறேன் என்று பதில் அனுப்பினார். துணியைப் பார்த்துப் பார்த்து மனிதனை மறந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பாராட்டலாம் என்று பார்த்தால், அம்மாள் தந்திரமாகப் படத்தைத் திருடிவிட்டார். விஷயம் தெரிந்ததும் தர்வேஷ் கான் தன் வேலைக்காரனை வெட்டக் கிளம்பினார். பாரிஸில் வேலைக்காரனை வெட்டும் பழக்கம் கிடையாது என்று மொழிபெயர்ப்பாளர் புரியவைக்கப் படாதபாடு பட்டாராம். கடைசியில், படம் வேண்டுமென்று கேட்டது ராஜாவேதான் என்று ஒரு கதை சொல்லி அடக்கினார்கள். வெட்டும் பழக்கமே இல்லாத அந்த நகரம் அடுத்த ஐந்து வருடத்துக்குள் அந்த ராஜாவின் தலையையே எடுத்தது தனிக்கதை.

இவர்கள் 1788 கடைசியில் ப்ரெஸ்ட் துறைமுகத்தில் கப்பலேறி, 1789ல் ஊர் திரும்பினார்கள். கொண்டுவந்தது செவ்ர் பீங்கான் சாமான்கள், சில கைவினைஞர்கள், விதைகள். சிப்பாய்? பூஜ்யம். திப்புவின் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மகன் சினிமா பார்க்கப் போய் வந்து ஹீரோவின் சட்டையை மட்டும் வர்ணித்தால் அப்பாவுக்கு வருகிற கோபம் அது. அந்த ஆகஸ்டில் பாரிஸ் கண்காட்சியில் தர்வேஷ் கான் படம் தொங்கியபோது பஸ்தீல் சிறை விழுந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அக்டோபரில் ஓவியர் அம்மாள் உயிர் பிழைக்க ஊரைவிட்டு ஓடினார். 1799 மே 4ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு போனார். மூன்றே வருடத்தில், 1802ல், லெப்டினன்ட் வாரன் என்ற இங்கிலீஷ் பட்டாளத்துக்காரன் மாரிகுப்பம் பக்கம் மண்ணைக் கிளறித் தங்கம் இருக்கிறதென்று எழுதினான். மீதிக் கதை சுரங்கம் தோண்டிய எங்கள் தாத்தாக்களின் நெஞ்சுச் சளியில் இருக்கிறது.

வெர்சாய் அதற்கப்புறம் சும்மா இருக்கவில்லை. 1973 நவம்பரில் அதே அரண்மனையில் பிரெஞ்சு டிசைனர்களும் அமெரிக்க டிசைனர்களும் மோதிய பிரபலமான ஷோ நடந்தது. அரண்மனையைப் பழுதுபார்க்க நிதி சேர்க்கத்தான். ‘வெர்சாய் யுத்தம்’ என்று பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். யுத்தமே கேட்டுப் போய் வெறும் கையோடு திரும்பிய மூன்று பேரை அதில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

படம் மட்டும் பிழைத்தது. 2019 ஜனவரியில் நியூயார்க்கில் சோத்பிஸ் ஏலத்தில் சுமார் 72 லட்சம் டாலருக்குப் போனது. நவீன காலத்துக்கு முந்தைய எந்தப் பெண் ஓவியரின் படமும் அதுவரை ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. நம்ம கணக்கில் ஐம்பது கோடி ரூபாய். அதை வைத்துப் பத்தாயிரம் சிப்பாய்க்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் கணக்குப் போட ஆட்கள் இருக்கிறார்கள். 2001ல் தங்கச் சுரங்கம் மூடியதிலிருந்து அவர்களுக்கு நேரமும் இருக்கிறது.