கண்காட்சியில் முறுக்கைக் காணோம்

எங்கள் ஊர்ப் பாரம்பரியத் தின்பண்டக் கண்காட்சிக்கு முன்பெல்லாம் போனால், நெய் வாசனை வந்து கையைப் பிடித்து இழுக்கும். இந்த வருஷம் கையைப் பிடித்து இழுத்தவர், மாதத் தவணையில் மனை விற்பவர். அவரிடமிருந்து தப்பித்தால் மெத்தைக் கடை, அடுத்து கால் பிடித்துவிடும் இயந்திரம், அதற்கடுத்து தலையணை சைஸில் டெல்லி அப்பளம்.

பண்டங்களுக்கோ இது பட்டாபிஷேகக் காலம். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2020இல் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு. 2023இல் மணப்பாறை முறுக்குக்கு. சான்றிதழ் கூடக் கூட, கண்காட்சியில் பண்டம் குறைவதுதான் விசித்திரம்.

கடைசி வரிசையில், கழிப்பறைக்குப் பக்கத்தில், 'மணப்பாறை முறுக்கு' என்றொரு பலகை தெரிந்தது. ஓடினேன். எண்ணெயில் இரண்டு தடவை போட்டு எடுப்பதுதான் அந்த முறுக்கின் சூட்சுமம்.

"அண்ணே, ரெண்டு தடவ பொரிச்சதா?"

"ஸ்டால் வாடகைக்கு ஒரு தடவ பொரிச்சதே கட்டுப்படியாகல சார். இது இங்க பக்கத்துத் தெருவுல போட்டது."

கடித்தேன். நமுத்துப்போன முறுக்கு சத்தம் போடாமல் உண்மையை ஒப்புக்கொண்டது.

வெளியே பஸ் ஸ்டாப்பில் ஓர் அம்மா, கூடை நிறைய முறுக்கோடு உட்கார்ந்திருந்தார். ரிப்பன் வெட்டவில்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, குறியீடும் இல்லை. என் பஸ் வருவதற்குள் கூடை காலி.