ஓசிப் பயணத்தில் சிரிப்பு வராது

ராசிபுரம் வாசகி: குடும்பத்தோடு டூர் போகும் காமெடிப் படங்களில் இரண்டாம் பாகம் மட்டும் ஏங்க சொதப்புது?

முதல் பாகத்தில் அப்பா ஆசைப்பட்டுக் கிளம்புகிறார். இரண்டாம் பாகத்தில் தயாரிப்பாளர் ஆசைப்பட்டு அனுப்பி வைக்கிறார்!

1983-ல் வந்த அமெரிக்கப் படம் 'வெகேஷன்'. விமானத்தில் போய்விடலாமே என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பிள்ளைகளோடு சேர்ந்து இருக்கலாம் என்பதற்காகவே சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் காரை எடுக்கிறார் கிளார்க் கிரிஸ்வோல்ட். வழியில் உறவுக்காரப் பாட்டி காரிலேயே இறந்து போகிறார். அத்தனையும் தாண்டிப் போய்ச் சேர்ந்தால், கேளிக்கைப் பூங்கா பூட்டிக் கிடக்கிறது. அந்த மனிதரின் பிடிவாதம்தான் நம் வயிற்றைப் புண்ணாக்குகிறது.

1985-ல் 'யூரோப்பியன் வெகேஷன்'. அதே குடும்பத்துக்கு டிவி போட்டியில் ஐரோப்பியப் பயணம் பரிசாக விழுகிறது. லண்டன் ரவுண்டானாவில் மாட்டிக்கொண்டு இருட்டும்வரை சுற்றும் காட்சி ஒன்று போதும், காசுக்குத் தகும். ஆனால் ஓசியில் வந்த பயணம் கெட்டுப்போனால் யாருக்கு வலிக்கும்? வலி இல்லாத இடத்தில் சிரிப்பும் ஒட்டாது.

நாமக்கல் வாசகர்: மூணாம் பாகம் நல்லாத்தானே இருந்துச்சு?

ரொம்ப நன்றாக இருந்தது. 1989-ன் 'கிறிஸ்துமஸ் வெகேஷன்' படத்தில் டூரே கிடையாது! போனஸ் வரும் என்று நம்பி நீச்சல் குளத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு வீட்டில் காத்திருக்கிறார் அப்பா. தீபாவளி போனஸை நம்பிக் கைமாற்று வாங்கியவர்களுக்கு அந்தப் படபடப்பை விளக்க வேண்டியதில்லை.

திருச்செங்கோடு வாசகர்: தமிழில் இந்த வகைக்கு முன்னோடி?

1966-ன் 'மதராஸ் டு பாண்டிச்சேரி'. திருமலை–மகாலிங்கம் இயக்கம், ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ். சில மணி நேர பஸ் பயணத்தில் ஒரு முழுப் படம்! ஊரைக் காட்ட அவசரப்படாமல், சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் காட்டினார்கள். 1972-ல் அதுவே இந்தியில் 'பாம்பே டு கோவா' ஆனது. அமிதாப் பச்சன் நாயகன், மெஹ்மூத் கண்டக்டர்.

ஓமலூர் வாசகி: 'கலகலப்பு 2' உங்களுக்குப் பிடித்ததா?

முதல் படம் அளவுக்கு இல்லை. 2012-ல் சுந்தர்.சி எடுத்த 'கலகலப்பு' கும்பகோணத்தில் ஒரு பழைய ஓட்டலைச் சுற்றியது. தாத்தா காலத்துக் கடை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பதைப்பு கல்லாப்பெட்டி வரைக்கும் தெரிந்தது. 2018-ல் வந்த இரண்டாம் பாகம் புதுக்கதை, புது ஊர்: காசி. அங்கேயும் பரம்பரைக் கட்டடம் ஒன்று உண்டு. ஆனால் ஆட்களும் துரத்தலும் பெருகப் பெருக, அந்தக் கட்டடத்தின் மேல் நமக்கு ஒட்டுதலே வரவில்லை. ஜீவா, ஜெய், சிவா மூவரும் ஓடி ஓடி உழைத்தார்கள். ஓடியதுதான் மிச்சம்.

சேலம் வாசகர்: பார்த்த கதையையே திரும்ப எடுப்பது தப்பா?

தப்பே இல்லை, புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால். உங்கள் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரத்தையே பாருங்கள். 1941-லேயே என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து வந்துவிட்ட அலிபாபா கதையை, 1956-ல் எம்.ஜி.ஆரை வைத்து மறுபடி எடுத்தார். கூடவே கலரைக் கொண்டுவந்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்ற பெயர் அதற்குத்தான்.

சேந்தமங்கலம் வாசகர்: நம்ம பக்கம் ஒரு பயணப் படம் எடுக்கணும்னா?

சேலத்திலிருந்து கொல்லிமலைக்கு ஒரு வேன் போதும். மாசி பெரியசாமிக்குக் கிடா வெட்டு. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இரண்டு குடும்பம், ஒரே வண்டி, பின்னால் கிடா. ஏறுவதற்கு 70 கொண்டை ஊசி வளைவு. இருபதாவது வளைவில் ஒருவருக்கு வாந்தி, நாற்பதில் வரப்புத் தகராறு, எழுபதில் சம்பந்தம் பேசி முடித்துவிடலாம். இரண்டாம் பாகமா? கிடா பிழைத்திருந்தால் எடுங்கள்.